பள்ளம் பார்த்து நிற்கும் பைக்

எங்கள் லயத்து வாசலில், வரிசையாக ஒட்டிய வீடுகளின் முன்னால், நிற்கும் மோட்டார் பைக்குகள் எல்லாம் பள்ளத்தைப் பார்த்துத்தான் நிற்கும். தண்ணீர் குடிக்கக் குனிந்த மாடுகள் மாதிரி எல்லாம் ஒரே பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு, முன்சக்கரத்துக்குக் கீழே ஆளுக்கொரு கல்லோடு. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பதுளை நகரத்துக்கு மேலே மலையில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சமதரை என்று சொன்னால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு, கரப்பந்து விளையாடும் இடத்தில் ஒரு துண்டு. மற்றதெல்லாம் சரிவு. பைக்குகளோ எல்லாம் வயது போனவை. காலைக் குளிரில் அவற்றை மிதித்து மிதித்து முழங்காலைக் கெடுத்துக்கொள்வதைவிட, கல்லைக் காலால் தள்ளிவிட்டு, உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளச்சை விடுவது சுலபம். அதனால் பைக்கைப் பள்ளம் பார்த்து நிறுத்துவது எங்களுக்குப் பல் துலக்குவது மாதிரி ஓர் ஒழுக்கம்.

யாராவது மேடு பார்த்து நிறுத்தினால் அவர் வெளியூர்க்காரர், அல்லது சுயநினைவோடு வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்படி ஒரு பைக் நின்றால், வழியில் போகிறவர்களே சத்தமில்லாமல் திருப்பி வைத்து, கல்லும் போட்டுவிட்டுப் போவார்கள். மழை வந்தால் பக்கத்து வீட்டுத் துணியையும் கொடியிலிருந்து அள்ளி உள்ளே போடுகிறோமே, அந்த மாதிரி. யாரும் நன்றி எதிர்பார்ப்பதில்லை.

என் பைக் ஒரு ஜப்பான்காரன். எனக்கு முன்னால் எத்தனை பேர் கையில் இருந்தது என்று அதற்கே ஞாபகம் இருக்காது. நான் பதுளை நகரத்தில் ஒரு கடையில் போட்டோகொப்பி எடுக்கிறவன். சிக்கிக்கொண்ட தாளை உருவுவதற்காக அந்த மெஷினைத் திறந்து மூடிப் பழகியதில், இந்த உலகத்தில் மூடியிருக்கும் எதையும் நான் திறக்கலாம் என்று ஒரு தைரியம் வந்துவிட்டது. மூடுவதைப் பற்றி நான் அவ்வளவாக யோசிப்பதில்லை. என்னுடைய எல்லாத் துன்பங்களும் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

சென்ற வருடம் மழைக்காலத்தில் பைக்குக்கு ஜலதோஷம் பிடித்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. விடிந்து பார்த்தால் காபரேட்டரின் கீழ்க்குழாயிலிருந்து பெற்றோல் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருக்கும், மூக்குச் சிந்தாத பிள்ளை மாதிரி. மண்ணில் வட்டமாக ஈரம். பிளக்கைக் கழற்றினால் அது குளித்துவிட்டு வந்து நிற்கும். அதைத் துடைத்து, ஊதி, காஸ் அடுப்பில் சூடுகாட்டி மாட்டினால், தள்ளு தள்ளு என்று தள்ளியபின் ஒருவழியாக ஸ்டார்ட் ஆகும். ஆனாலும் ஒரு நிலையில் நிற்காது. இருமல்காரர் படியேறுவது போல நாலு எட்டு ஓடும், நிற்கும், யோசிக்கும், பிறகு திடீரென்று ஏதோ ஞாபகம் வந்தது போல அலறும். பெற்றோலுக்கு வரிசையில் நின்று காலம் கழித்தவர்கள் நாங்கள். அந்தப் பெற்றோல் புல்லுக்கு ஊற்றப்படுவதைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

டேங்குக்கு அடியிலுள்ள பெற்றோல் திருகை மூடினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எல்லோரும் கேட்டார்கள். அந்தத் திருகு திறந்த நிலையிலேயே இறுகிப்போயிருந்தது. அதை இளக்கப் போய் நான் பிடியை உடைத்துவிட்டேன். புதியது கொழும்பிலிருந்து வர வேண்டும். இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

இதெல்லாம் எனக்கும் பைக்குக்கும் இடையிலான விஷயமாக இருந்திருந்தால் பரவாயில்லை. என் மனைவி பதுளையில் எங்கள் மாதா கோயிலில் பாடுகிறவள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், முதல் வாசகம் முடிந்ததும் ஒருவர் தனியாக முன்னே போய் நின்று பதிலுரைப் பாடல் பாட வேண்டும். வருடக்கணக்காகக் கூட்டத்தோடு பாடிக்கொண்டிருந்தவளுக்கு அந்தத் தனிப்பாட்டு அப்போதுதான் கிடைத்திருந்தது. கிடைத்த முதல் ஞாயிறு, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு நாங்கள் வாசலுக்குள் நுழையும்போது பாட்டு நடந்துகொண்டிருந்தது. பாடிக்கொண்டிருந்தவர் கோயிலுக்கு எதிர்வீட்டு டீச்சர். அவருக்குத் தெருவைக் கடந்தால் போதும். அவர் வீட்டில் காபரேட்டர் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்து சேலையை மடித்தபடியே மனைவி சொன்னாள்.

“அடுத்த ஞாயித்துக்கெழமையும் பாட்டு மாஸ்டர் எனக்குத்தான் தந்திருக்காரு. இதுதான் கடைசி, இனிமே டீச்சருக்குத்தான்னு சொல்லிட்டாரு.”

“போயிருவோம்.”

“நேரத்துக்குப் போய்ச் சேந்தா பைக் இருக்கும். சேரலேன்னா, திங்கக்கெழம பழைய இரும்பு லொறி வரும்ல, அதுல ஏத்திருவேன்.”

“இதுக்குப் போயி இவ்வளவு கோவமா?”

“கோவம் இல்லீங்க. கோவம்னா உங்களையும் சேத்து ஏத்துவேன்.”

ஆக, என் பைக்கின் உயிர் ஒரு வாரத்தில் தீர்மானமாக வேண்டியிருந்தது. திங்கட்கிழமையே நான் வைத்தியத்தைத் தொடங்கினேன்.

முதலில் போனது கடைவீதியில் பைக் சாமான் விற்கும் முஸ்லிம் பெரியவரிடம்; நாங்கள் நானா என்போம். பல வருடப் பழக்கம். என்னைக் கண்டதும் அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“தம்பி, உள்ளுக்கு வராதீங்க. வாசல்லயே நில்லுங்க. ஒங்கட வாசத்துக்கு எங்கட சாம்பிராணி தோத்துப் போகுது.”

“ஒழுகுது நானா.”

“அத நீங்க செல்லவே தேவல்ல. ஊசியா, மிதவையா?”

இங்கே ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். நான் கஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்ட ஒரே விஷயம் அது. காபரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. அதில் பெற்றோல் நிரம்ப நிரம்ப ஒரு மிதவை மேலே எழும்பி, ஓர் ஊசியைத் தள்ளி, பெற்றோல் வரும் வழியை அடைக்கும். கக்கூஸ் தொட்டியில் இருப்பதும் இதே ஏற்பாடுதான். ஊசி தேய்ந்தாலோ, மிதவை ஓட்டையாகி முழுகினாலோ வழி அடைபடாது. கிண்ணம் நிரம்பி வழியும். நான் ஊசியும் வாங்கினேன், மிதவையும் வாங்கினேன். வாங்கிக்கொண்டு திரும்பியபோது நானா எட்டிப் பார்த்து, கடை வாசலில் நின்ற என் பைக்கின் கீழே குனிந்து பார்த்தார்.

“தம்பி, இந்தா பாருங்க. இங்க ஒரு சொட்டு இல்ல. நீங்க வந்து இவ்வளவு நேரமாச்சு. ஒங்கட வீட்டப் பாத்தாத்தான் அதுக்கு அழுகை வருதோ என்னமோ.”

நான் சிரித்தேன். சிரித்ததோடு நிறுத்திக்கொண்டதுதான் தப்பு.

அன்று சாயங்காலம் காபரேட்டரைக் கழற்றி, பாகங்களை எதில் வைப்பது என்று தேடினேன். சிறு பாகங்கள் உருண்டு ஓடாமலிருக்க விளிம்புள்ள ஒரு தட்டு வேண்டும். வீட்டில் இருந்த அப்படியான ஒரே பொருள் மனைவி அரிசி புடைக்கும் சுளகு. மிகப் பொருத்தமாக இருந்தது. பைக் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் திருகுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு. அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகை இழுத்தேன். ஸ்பிரிங் விடுதலை பெற்றது. அது போன வழியை நான் கண்ணால் பார்த்தேன்: சுளகிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து சுவர், சுவரிலிருந்து திறந்து வைத்திருந்த பருப்புச் சட்டி.

மனைவியிடம் சொல்லவில்லை. நானே பரிமாறிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து நான் கரண்டியைத் தொட்டதில்லை என்பதால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் பருப்பைக் கரண்டி கரண்டியாகத் தட்டில் பரப்பிக் கிளறிப் பார்ப்பதைத் தன் தட்டிலிருந்து சாப்பிட்டபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னாங்க தேடுறீங்க?”

“கல்லு கிடக்குதான்னு பாக்குறேன்.”

“நா பொறுக்கிப் போட்ட பருப்புல கல்லா?”

அந்த நேரத்தில் அவள் வாயிலிருந்தே டிக் என்று ஒரு சத்தம் வந்தது. அவள் விரலால் ஸ்பிரிங்கை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, என் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

“டொக்டர் இரும்புச் சத்து கொறையுதுன்னு சொன்னாரு. நீங்க ஞாபகம் வச்சிருக்கீங்க.”

ஊசி புதிது, மிதவை புதிது, ஸ்பிரிங் பருப்பில் வெந்தது. எல்லாம் மாட்டி, வழக்கம் போலப் பள்ளம் பார்த்து நிறுத்திவிட்டுத் தூங்கினேன். விடிந்து பார்த்தேன். வட்டமாக ஈரம்.

அடுத்த சந்தேகம் ஐடில் திருகின் மேல் விழுந்தது. இந்த இடத்தில் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம், எங்கள் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவர். நல்ல மனிதர். அவரைவிட நல்லவரை நான் பார்த்ததில்லை, அதுதான் பிரச்சினை. ஒருவர் பைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவரால் சும்மா கடந்து போக முடியாது. வந்து குந்துவார். பீடியோடு குந்துவார்.

“அண்ணே, பீடிய அணைச்சிட்டு வாங்கண்ணே. பெற்றோலு.”

“இது அணைஞ்ச பீடி தம்பி.”

“பொகை வருதேண்ணே.”

“அது எனக்கு வாயில வர்ற ஆவி. குளிர்ல.”

அவர் பீடியைத் தூரப் போட்டுவிட்டு, திருப்புளியை என் கையிலிருந்து வாங்கி, ஐடில் திருகைக் கால் சுற்று உள்ளே விட்டார். பைக் கொஞ்சம் நிதானமாக ஓடியது. அவர் போனதும் நான் அதைக் கால் சுற்று வெளியே எடுத்தேன், ஏனென்றால் அது என் பைக். நான் தேத்தண்ணி குடிக்க உள்ளே போய் வருவதற்குள் வேறு யாரோ வந்து வேறு மாதிரித் திருகிவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் லயத்தில் பைக் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் அந்தத் திருகைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதை வாயால் சொல்வது மரியாதைக் குறைவு என்று எல்லோரும் நினைத்தார்கள் போலும், நேரடியாகத் திருகிவிட்டே போனார்கள். அந்த வாரம் முழுக்க என் பைக்கின் ஐடில், கடைசியாகக் கடந்து போனவர் எப்படிப்பட்டவர் என்பதைக் காட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அது ஒரு மாதிரி உற்சாகமாகக் கத்தினால், கள்ளுக்குப் போகிற கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது என்று அர்த்தம்.

புதன்கிழமை நான் என் மானத்தை விட்டுவிட்டுக் கராஜுக்குக் கொண்டுபோனேன். கராஜ் பாஸ் பைக்கை வாங்கி, சிமெந்துத் தரையில் நிறுத்தி வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வாருங்கள் என்றார். சாயங்காலம் போனால் பைக் அசையாமல் நின்றிருந்தது. கீழே ஒரு பொட்டு ஈரமில்லை. அவர் மிதித்தார், முதல் மிதியிலேயே எழும்பி, பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. கராஜ் பாஸ் என்னைப் பார்த்த பார்வையை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். பல்வலி என்று போய், பல் வைத்தியர் முன்னால் உட்கார்ந்ததும் வலி நின்றுபோன அன்று.

வீட்டுக்கு வந்தேன். பள்ளம் பார்த்து நிறுத்தினேன். விடிந்தது. ஈரம்.

இதற்குள் நான் ஒரு கொள்கைக்கு வந்திருந்தேன். மேலே, மலையில், காற்று லேசு. கீழே நகரத்தில் காற்றுக் கனம். காபரேட்டர் காற்றைப் பார்த்துப் பெற்றோல் கொடுக்கிறது. ஆகவே மேலே வந்ததும் அது குழம்புகிறது. இதைக் கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் சிலருக்கு நான் விளக்கிச் சொன்னேன்; தங்கள் அடையாள அட்டைக் கொப்பிக்காகக் காத்திருந்ததால் அவர்களுக்கு வேறு வழியில்லை. ஒரு அம்மா மட்டும் கேட்டார், “அப்ப நம்மளவிட ஒசரத்துல இருக்குற நுவரெலியாக்காரங்க பைக்கு எல்லாம் என்னாங்க பண்ணுது?” நான் அவருக்குக் கொப்பியைக் கொஞ்சம் சாய்வாக எடுத்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மனைவி வாசலில் நின்று பாட்டைப் பழகிக்கொண்டிருந்தாள். நான் பைக்குப் பக்கத்தில் நின்று, என்ன செய்வதென்று தெரியாததால் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் பாட்டை நிறுத்தாமலே ஒரு கப் பிளேன்டீயைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். கையில் எண்ணெயாக இருந்ததால் கப்பைப் பைக்கின் சீட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தேன். விளிம்புவரை நிரம்பிய கப். திரும்பிப் பார்ப்பதற்குள் தேத்தண்ணி முன்பக்க விளிம்பால் வழிந்து, சீட்டில் ஓடி, டேங்க் ஓரமாக இறங்கி, நேரே காபரேட்டரின் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

பின்பக்க விளிம்பில் கப்பின் சுவர் தெரிந்தது. முன்பக்கம் வழிகிறது. கப்பில் ஓட்டையில்லை. கப் புதிதுதான்.

 போட்டோகொப்பி மெஷினிலும் இப்படித்தான். தாள் எங்கே சிக்கியிருக்கிறது என்று திடீரென்று தெரியும்போது ஒரு சந்தோஷமும், இவ்வளவு நேரம் வேறெங்கோ கையை விட்டுக்கொண்டிருந்தோமே என்று ஒரு வெட்கமும் சேர்ந்து வரும். பைக் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிறது. காபரேட்டரின் கிண்ணமும் அதே சாய்வில் நிற்கிறது. மிதவை ஒருபக்கம் ஒதுங்கிக் கிடக்க, ஊசிக்கு எட்டவில்லை. பெற்றோல் திருகும் மூடாததால் விடியவிடியப் பெற்றோல் இறங்கி வழிகிறது. விடிந்ததும், ஈரமான பிளக்கால் மிதித்தால் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆகாது என்பதால்தான் உருட்டித் தள்ளுகிறோம். உருட்டித் தள்ளுவதற்காகத்தான் பள்ளம் பார்த்து நிறுத்துகிறோம். பள்ளம் பார்த்து நிறுத்துவதால் ஒழுகுகிறது.

மனைவியைக் கூப்பிட்டு, கப்பைக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கினேன். முழுதும் கேட்டாள்.

“இதத்தானே அந்த நானா திங்கக்கெழமையே சொன்னாருன்னு நீங்க சொல்லிச் சிரிச்சீங்க.”

“அவரு சும்மா சொன்னாரு. நான் கண்டுபிடிச்சேன்.”

“சரி, தேத்தண்ணி வேற வேணுமா, இல்ல பைக்கே குடிச்சிட்டா போதுமா?”

உடனே பைக்கைத் திருப்பி மேடு பார்த்து நிறுத்தினேன். இருட்டும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. சனிக்கிழமை காலையில் ஒரே மிதி. ஐடில், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் மூச்சு மாதிரி. வேலைக்குப் போய் வந்து, சாயங்காலம் மறுபடியும் மேடு பார்த்து நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் போட்டேன்.

இந்த இடத்தில் நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. பக்கத்துக் காம்பரா அண்ணனிடம் இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் லயமே வாசலில் நின்று பல் துலக்கும் நேரத்தில், எல்லோரும் தள்ளிக்கொண்டிருக்க, நான் மட்டும் மேடு பார்த்து நின்ற பைக்கில் ஏறி, ஒரே மிதியில், மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போக வேண்டும். அப்புறம் அவர்களாக வந்து கேட்க வேண்டும். நான் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்ல வேண்டும். அந்த யோசிக்கிற பாவனையைக்கூடக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை மனைவி சேலை கட்டி, தலையில் பூ வைத்து, பாட்டுப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நான் ஹெல்மெட்டோடு அவளுக்குப் பின்னால். பைக் பள்ளம் பார்த்து நின்றது. முன்சக்கரத்துக்கு ஒரு கல், அதுவும் நல்ல கல், எங்கிருந்தோ தேடி எடுத்து வந்தது. கீழே அகலமான ஓர் ஈரம். காற்றெல்லாம் பெற்றோல்.

பக்கத்துக் காம்பரா வாசலில் அண்ணன் வாயில் பிரஷ்ஷோடு நின்றிருந்தார். நுரையைத் துப்பிவிட்டுச் சந்தோஷமாகச் சொன்னார்.

“தம்பி, நேத்து நீ மறந்துட்ட போல. மேட்டப் பாத்து நிப்பாட்டிட்டுப் போயிட்ட. கோயிலுக்குப் போற நாளாச்சே, காலையில தள்ள முடியாம நிக்குமேன்னு நான்தான் திருப்பி வச்சேன். ஏதோ ஒரு கல்லப் போடாம நல்ல கல்லாப் பாத்துப் போட்டிருக்கேன்.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் முகத்தில் அவ்வளவு அன்பு.

“ரொம்ப நன்றிண்ணே,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ், பூசை தொடங்கிய பிறகுதான் எங்கள் பக்கம் வரும். லயத்தில் த்ரீவீல் வைத்திருந்த ஒரே ஆள் லுணுகலையில் ஒரு கல்யாணத்துக்கு ஆளேற்றிக்கொண்டு போயிருந்தார். நடந்து போகிற நேரம் தாண்டிவிட்டது. பிளக்கைக் கழற்றி அடுப்பில் வைக்கலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். மனைவி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“கல்லத் தள்ளுங்க.”

“ஸ்டார்ட் ஆகாது புள்ள. முழுக்க ஊறிப்போச்சு.”

“தள்ளுங்கன்றேன். வழியில ஆகுதான்னு பாப்போம்.”

அண்ணன் பின்னாலிருந்து தள்ளினார். உருண்டோம். இரண்டாம் கியரில் கிளச்சை விட்டேன். பைக் ஒரு தும்மல் போட்டது. அடுத்த வளைவில் விட்டேன். புகைக்குழாய்க்குள் வெடி வெடித்தது. கோழிகள் பறந்தன, ஒரு நாய் கொஞ்சத் தூரம் துரத்திவிட்டு, துரத்த இங்கே ஒன்றுமில்லை என்று நின்றுவிட்டது. மூன்றாவது முறையும் ஒன்றும் நடக்கவில்லை. நான் பிரேக்கைத் தொட்டேன்.

“நிப்பாட்டாதீங்க,” என்றாள் பின்னாலிருந்து. “நிப்பாட்டினா நின்னதுதான். நியூட்ரல்ல போடுங்க. பதுளை கீழதான இருக்கு.”

எங்கள் தோட்டத்திலிருந்து பதுளை கீழேதான் இருக்கிறது. இதை நான் பிறந்ததிலிருந்து அறிவேன். ஆனால் இதுவரை யாரும் இதை எனக்கு ஒரு போக்குவரத்து முறையாக எடுத்துச் சொன்னதில்லை. நியூட்ரலில் போட்டேன். பைக் சத்தமில்லாமல் இறங்கியது. வழக்கமாக ஒவ்வொரு வளைவிலும் “மெதுவா, மெதுவா” என்று என் தோளைக் கிள்ளுகிறவள், அன்று “பிரேக் போடாதீங்க, வேகம் போயிரும்” என்று கிள்ளினாள். இரண்டுக்கும் அதே இடம்தான்.

எஞ்சின் ஓடாவிட்டால் அந்தப் பைக்கில் ஹார்னும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரோட்டில் நகரத்துக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் பக்கம் பக்கமாகக் கதைத்தபடி நடந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் வருவது யாருக்கும் கேட்காது. நான் தொண்டையைச் செருமினேன். அது எனக்கே கேட்கவில்லை. அப்போது மனைவி பாடத் தொடங்கினாள். பழகவும் வேண்டும், வழியும் வேண்டும். பதிலுரைப் பாடலை அடித்தொண்டையிலிருந்து எடுத்து விட்டாள். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்து, சேலை கட்டிய ஒரு பெண் சத்தமில்லாத பைக்கில் பாடிக்கொண்டே காற்றில் வருவதைக் கண்டு ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். முன்னால் ஆடி ஆடிப் போன ஒரு த்ரீவீல்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, தன் ரேடியோவைத் தட்டிப் பார்த்துவிட்டு, இடது பக்கம் ஒதுங்கி வழிவிட்டார்.

நகரத்துக்குள் நுழையும் இடத்தில், பாலத்தைத் தாண்டியதும் ஒரு சின்ன மேடு உண்டு. எஞ்சினோடு போகிறவர்களுக்கு அது மேடென்றே தெரியாது. அன்று அது எனக்கு நமுனுகுல மலை மாதிரித் தெரிந்தது. வந்த வேகத்தில் பாதி ஏறினோம், முக்கால் ஏறினோம், பிறகு நடக்கிறவர்களின் வேகத்துக்கு வந்தோம். பக்கத்தில் முட்டைத் தட்டோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போனார். நான் இரண்டு காலாலும் ரோட்டை உதைத்துப் பார்த்தேன். பைக் நிற்கப் போகிற அந்த நேரத்தில் பின்பக்கம் பாரம் குறைந்தது. மனைவி பாட்டை நிறுத்தாமலே இறங்கி, ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி, மேட்டின் தலையில் பைக் இறங்கத் தொடங்கியதும் பஸ் கண்டக்டர் மாதிரி ஒரே தாவலில் ஏறிக்கொண்டாள். ஒரு சொல் விடுபடவில்லை.

கோயில் வளவுக்குள் நாங்கள் உருண்டு நின்றபோது மணி இன்னும் அடிக்கவில்லை. பாட்டு மாஸ்டர் வாசலில் நின்று, கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவருக்குப் பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

“மாஸ்டர், வந்துட்டேன்,” என்றாள் மனைவி.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். “எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கலியே. எப்பவும் பாலத்துல வரும்போதே எங்களுக்குத் தெரியுமே.”

“பைக்க சரி பண்ணிட்டாரு மாஸ்டர்,” என்று அவள் என்னைக் காட்டினாள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு தன் கையை மோந்து பார்த்தார்.

அவள் பாடினாள். நான் கடைசி வாங்குப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னாலும் பக்கத்திலும் இருந்தவர்கள் வாசம் தாங்காமல் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அவள் குரலில் வழக்கத்தைவிட ஒரு பலம் இருந்தது. முதல் அடியை அவள் எடுத்ததும் கோயிலின் நடுவழியில் நின்றுகொண்டிருந்த இரண்டு பேர் தாங்களாகவே ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். எதிர்வீட்டு டீச்சர்கூடக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார். அது பாட்டாலா பெற்றோலாலா என்று எனக்குத் தெரியாது. நான் அவருக்கு இரண்டு வாங்கு தள்ளித்தான் இருந்தேன்.

பூசை முடிந்து வெளியே வந்தோம். போகும்போது பதுளை கீழே இருந்ததால், வரும்போது தோட்டம் மேலே இருந்தது. பிளக் காய்ந்திருக்கும் என்று மிதித்துப் பார்த்தேன். சமதரையில் நின்றதாலோ என்னவோ சட்டென்று ஸ்டார்ட் ஆனது. மனைவியைப் பெருமையாகப் பார்த்தேன். மேலும் கொஞ்சம் உறுமிவிட்டு நின்றது. டேங்கைத் திறந்து பார்த்தேன். இருந்த பெற்றோல் எல்லாம் விடியவிடிய லயத்து வாசலில் ஊற்றப்பட்டிருந்தது. அவள் பஸ்ஸில் போனாள். நான் பைக்கைத் தள்ளிக்கொண்டு பெற்றோல் அடிக்கும் செட் இருக்கும் எதிர்ப்பக்கம் போனேன். வழியில் பஸ் என்னைக் கடந்தபோது ஜன்னலால் கையைக் காட்டினாள். பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லோரும் காட்டினார்கள்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் புறப்படும் நேரத்தில் ஒலிபெருக்கியோடு பழைய இரும்பு லொறி வந்தது. மனைவி வீட்டுக்குள்ளிருந்து ஒரு பொதியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பழைய ஊசி, பழைய மிதவை, பழைய பிளக்குகள், உடைந்த திருகுப் பிடி, விளிம்பு கிழிந்த சுளகு. சுளகு வேண்டாம் என்று லொறிக்காரர் திருப்பிக் கொடுத்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

“அந்தப் பைக்கயும் தாறீங்களாக்கா?”

நான் பைக்கின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

“அது ஓடுற பைக்கு,” என்றாள் மனைவி.

“எஞ்சின் நல்லமா?”

“எஞ்சினப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. கோயிலுக்குப் போகும்.”

லொறி போய்விட்டது. அன்று சாயங்காலம் பக்கத்துக் காம்பரா அண்ணனைக் கூப்பிட்டு, ஒரு கப்பில் விளிம்புவரை தேத்தண்ணி ஊற்றி, சீட்டில் வைத்து, வழியவிட்டுக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு, குந்தியிருந்து, கடைசிவரை கேட்டார். தலையாட்டினார். நல்லாப் புரிஞ்சிச்சு தம்பி என்றார். நான் நிம்மதியாகப் பைக்கை மேடு பார்த்து நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

காலையில் அது பள்ளம் பார்த்து நின்றது.

“புரிஞ்சிச்சுன்னீங்களேண்ணே.”

“புரிஞ்சிச்சு தம்பி. ஆனா எல்லா வண்டியும் ஒரு பக்கம் பாக்குது, ஒன்னுது மட்டும் வேற பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது. பாத்துட்டு எப்புடிப்பா தூங்குறது?”

இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் நானே பைக்கைப் பள்ளம் பார்த்து நிறுத்திவிடுகிறேன். மனைவி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பின்சீட்டில் உட்கார்ந்து, தொண்டையைச் சரி செய்துகொள்கிறாள். அண்ணன் வந்து கல்லைத் தள்ளிவிடுகிறார்.